எத்தனை அடிக்குக் கீழே?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குத் தென்மேற்கே பசிபிக் கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் மலைப்பாங்கான நிலம் பாலோஸ் வெர்டெஸ் தீபகற்பம். அதன் தென்கரையில் போர்ச்சுகீஸ் பெண்ட் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே கழிவுநீர்க் குழாய் கடற்கரைச் சாலையை ஒட்டித் தரைக்கு மேலேயே ஓடும். புதைத்தால் முறிந்துவிடும். சில வீடுகளுக்கு அடியில் குனிந்து பார்த்தால், கான்கிரீட் அஸ்திவாரம் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான இரும்பு உத்திரங்களும் அவற்றைத் தாங்கும் ஜாக்கிகளும் தெரியும். தரை ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் வீட்டுக்காரர் மட்டம் பார்த்து, தாழ்ந்த மூலையின் ஜாக்கியை ஏற்றுவார். சில மாதம் கழித்து இன்னொரு மூலை தாழும். இப்படி ஒரு வீட்டின் அஸ்திவாரத்தைப் பல பத்தாண்டுகளாக இடைவிடாமல் மராமத்து செய்தபடியே அங்கே குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன.

இதே கலிபோர்னியாக் கரையில் எத்தனையோ மலைச்சரிவு வீடுகளில் இருபது முப்பது அடி ஆழத்துக்கு ஒரு வரிசை பைல்களை, அதாவது கான்கிரீட் தூண்களை, இறக்கி, வீட்டை அதோடு கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் ஜாக்கிக்கே தேவையிருக்காது. கடலைப் பார்த்த சரிவு, களிமண், சுவரில் விரிசல் எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் ஓரிடத்தில் கான்கிரீட் ஜெயிக்கிறது, இன்னோரிடத்தில் தோற்கிறது. மண் எத்தனை அடிக்குக் கீழே நகர்கிறது என்பதில்தான் இந்த வித்தியாசம் இருக்கிறது. அஸ்திவார மராமத்தில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலும் கேட்காமல் விடப்படுவதும் இதுதான்.

விரிசலிலிருந்தே தொடங்கலாம். கான்கிரீட் இறுகும்போது சுருங்குவதால் விழும் மயிரிழைக் கோடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் வெடிப்பு வேறு ரகம். வீட்டின் ஒரு பகுதி மற்றதிலிருந்து விலகிச் சாய்கிறது என்று அது சொல்கிறது. சரிவில் இருக்கும் வீட்டில் அப்படி விலகுவது பெரும்பாலும் பள்ளத்துப் பக்கத்துப் பகுதிதான். கதவு நிலையில் இடிக்கும், தரையில் வைத்த கோலிக்குண்டு கடல் பக்கமாக உருளும். நல்ல பொறியாளர் வந்ததும் வீடு முழுக்க மட்டம் எடுப்பார். அவர் கையிலுள்ள கருவிக்கும் நம் கொத்தனார் இரண்டு முனையிலும் நீர் தெரியும்படி பிடிக்கும் டியூப் லெவலுக்கும் தத்துவம் ஒன்றுதான். எடுத்த அளவுகளை வரைபடத்தில் குறித்தால், தரை எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று ஒரு குட்டி மலைப்படம்போலத் தெரிந்துவிடும். பிறகு விரிசல்களின் இரு கரையிலும் அளவுப் பட்டைகளை ஒட்டி, தேதி எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தால்தான் விரிசல் நின்றுவிட்டதா, மூச்சுவிடுவதுபோல விரிந்து சுருங்குகிறதா, ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போகிறதா என்று புரியும். இந்தப் பொறுமை இல்லாமல் போடும் பணம் பெரும்பாலும் வீண்.

விரிந்து சுருங்கும் விரிசலுக்குக் காரணம் மேல்மண். மான்ட்மொரிலோனைட் என்ற கனிமம் கலந்த களிமண் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நம் கரிசல் காட்டில் கோடையில் காலே நுழையும் அளவுக்கு நிலம் பிளப்பதும் இதே கனிமத்தால்தான். இந்த அசைவு பொதுவாக மேலே உள்ள சில அடிகளோடு நின்றுவிடும். அதற்குக் கீழே ஈரம் ஆண்டு முழுவதும் அவ்வளவாக மாறுவதில்லை. கரிசல் மண்ணுக்கென்று ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ்போல விரியும் பைல்கள் இந்த எல்லையைத் தாண்டிப் போய் ஊன்றிக்கொள்கின்றன.

சரிவில் இதே மண் இன்னொரு வேலையும் செய்கிறது. ஈரத்தில் உப்பும்போது அது சரிவின் முகத்துக்குச் செங்குத்தாக வெளியே தள்ளும். காய்ந்து சுருங்கும்போதோ எடை அதை நேர் கீழே இழுக்கும். போன வழியே திரும்பி வராது. ஒவ்வொரு மழைக்கும் கோடைக்கும் மண்ணின் மேல்போர்வை மிகச் சிறிய அளவு பள்ளத்தை நோக்கி இறங்கிவிடும். இதை ஊர்தல் என்கிறார்கள். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் என்றாலும், முப்பது வருடத்தில் அதுவே ஒரு வீட்டை இரண்டாகக் கிழிக்கப் போதும். மேட்டுப்பக்க அஸ்திவாரம் பாறையில் நிற்கும். பள்ளத்துப்பக்க அஸ்திவாரம் ஊரும் போர்வையில் உட்கார்ந்து அதோடு போகும்.

பைல் ஜெயிப்பது இந்த வகையில்தான். பள்ளத்துப்பக்கச் சுவர் வரிசையில், சிறிய துளைப்பு இயந்திரத்தாலோ கையாலோ குழிகளைத் தோண்டி, ஊரும் மண்ணைத் தாண்டிக் கெட்டிப் பாறைக்குள் பல அடி இறக்குகிறார்கள். கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். கலிபோர்னியக் குன்றுகளில் இதைக் கெய்சன் என்பார்கள். பைல்களின் தலைகளைக் கனத்த பீம்களால் ஒன்றோடொன்று கோத்து, மேட்டுப்பக்கத்தோடும் இணைத்துவிடுகிறார்கள். பைல் வீட்டின் எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. ஊரும் மண் பக்கவாட்டில் தள்ளுவதையும் தாங்க வேண்டும். இந்தப் பக்கவாட்டு விசையைக் கணக்கில் சேர்க்காததால் எத்தனையோ மராமத்துகள் கெட்டுப்போயிருக்கின்றன. அது மிகப் பெரிதாக இருந்தால், மலைக்குள் சாய்வாகத் துளை போட்டு, இரும்புத் தண்டைச் செருகி, சிமெண்ட் குழம்பால் இறுக்கி, முறுக்கிப் பூட்டுவார்கள். மேட்டுப் பாறையைப் பிடித்துக்கொண்டு தொங்கும் நங்கூரம் அது.

வேலை செய்யும் முறையில் ஒரு விதி உண்டு, அதை மீறக் கூடாது. பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டக் கூடாது. ஒரு கண்டம் தோண்டி, இரண்டு கண்டம் விட்டு, தோண்டியதில் கான்கிரீட் இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அஸ்திவாரத்துக்குக் குழி பறிப்பதை நம் ஊரில் வானம் தோண்டுதல் என்கிறோம். குடியிருக்கும் வீட்டுக்கு அடியில் வானம் தோண்டுகிறவர் அந்தக் குழிக்கு மேலே ஒரு குடும்பம் தூங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. ஜாக்கி வைத்துத் தூக்குவதிலும் நிதானம் வேண்டும். பல வருடம் சாய்ந்து நின்ற வீட்டில் மரச்சட்டமும் பூச்சும் குழாய்களும் அந்தச் சாய்வுக்கே பழகிப்போயிருக்கும். அதை ஒரே நாளில் ரசமட்டத்துக்குக் கொண்டுவந்தால் பழைய விரிசல் மூடும், ஆனால் புதிதாகப் பத்து விழும். அனுபவமுள்ள பொறியாளர்கள் பல வேளையில் வீட்டைத் தூக்கவே மாட்டார்கள். இருக்கிற நிலையிலேயே நிறுத்திவிட்டால் போதும் என்பார்கள்.

விரிசலுக்குள் எபாக்ஸி செலுத்துவதும் நல்ல சிகிச்சைதான். ஒட்டிய இடம் சுற்றியுள்ள கான்கிரீட்டைவிட உறுதியாகிவிடும். ஆனால் நகர்வு நிற்காவிட்டால் பக்கத்திலேயே புது விரிசல் கிளம்பும். கடலோரத்தில் எபாக்ஸிக்கு இன்னொரு பயன் உண்டு. விரிசல் வழியே உப்புக்காற்றும் ஈரமும் கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மண்ணில் சல்பேட் அதிகமிருந்தால் அது சிமெண்டையும் அரிக்கும். அங்கே சல்பேட்டைத் தாங்கும் சிமெண்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இவை எதுவும் போர்ச்சுகீஸ் பெண்டில் ஏன் எடுபடவில்லை?

சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் கடலடியாக இருந்தது. எரிமலைச் சாம்பல் அங்கே படிந்து, காலப்போக்கில் பெண்டோனைட் என்ற களிமண்ணாக மாறியது. நம் ஊரில் பைல் துளை இடிந்து விழாமலிருக்க ஊற்றுகிறார்களே, சென்னை மெட்ரோவின் நிலத்தடிச் சுவர்களுக்குத் தோண்டிய பள்ளங்களில் நிரப்பினார்களே, அதே வழவழப்பான குழம்புக் களி. பாறை அடுக்குகளுக்கு நடுவே அது மெல்லிய ஏடுகளாகக் கிடக்கிறது. அடுக்குகள் முழுவதும் கடல் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அடிவாரத்தை அலைகள் அரித்துக்கொண்டே இருக்கின்றன. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே இங்கே ஒரு பெரும் நிலச்சரிவு நடந்து அடங்கியிருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1946-ல் வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பழைய சரிவு குறிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் 1950-களில் அதன் மேல் வரிசையாக வீடுகள் எழுந்தன. அறிக்கை அச்சாகி எல்லோருக்கும் கிடைத்துக்கொண்டிருந்தபோதே இது நடந்தது என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

1956-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் கிரென்ஷா பெருஞ்சாலையை மலைமேல் நீட்டிக்கும் வேலையில் இறங்கியது. தோண்டிய மண்ணை மலைமேல் கொட்டினார்கள். அந்த இடம் தூங்கிக்கொண்டிருந்த பழைய சரிவின் தலைப்பகுதியாக இருந்தது. ஆகஸ்ட் மாதம் நிலம் அசையத் தொடங்கியது. சுமார் 260 ஏக்கர் கடலை நோக்கி நகர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 100-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 1957-ல் நாலடி விட்டமுள்ள இருபதுக்கும் மேற்பட்ட கான்கிரீட் கெய்சன்களை நிலத்துக்குள் இறக்கி, சரியும் மண்ணைக் கீழேயுள்ள பாறையோடு தைத்துவிடப் பார்த்தார்கள். சில மாதம் வேகம் குறைந்தது. பிறகு மலை அவற்றையும் தள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கு கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1965-ல் தீர்ப்பு வந்தது. கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டாலும், பொதுவேலையால் விளைந்த சேதத்துக்கு கவுண்டி ஈடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பொதுப்பணியின் செலவை ஊர் முழுவதும் சேர்ந்து சுமக்க வேண்டும், பாதிக்கப்பட்ட சில குடும்பங்களின் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்ற அந்த நியாயத்தை எங்கும் எடுத்துச் சொல்லலாம்.

இருபது முப்பது அடி பைல் இங்கே என்ன செய்யும்? நகரும் மண்ணின் கனம் நூறடிக்கும் மேல் என்றால், அந்தப் பைல் முழுக்க நகரும் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. ஓடும் கப்பலின் தளத்தில் அறைந்த ஆணியைப்போல அதுவும் கப்பலோடே போகும். நூற்றுக்கணக்கான அடி நீளமுள்ள பைலை இறக்கிப் பாறையைத் தொட்டாலும், மேட்டிலிருந்து வரும் முழு மலையின் தள்ளலையும் ஒரு வீட்டின் நாலைந்து பைல் தாங்க முடியாது.

அப்படியானால் எதை மராமத்து செய்வது? நீரைத்தான். ஈரம் களிமண்ணை வழுக்கலாக்குவதால் மலை சரிகிறது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நீர் அந்தக் களியைப் பலவீனமாக்குவது உண்மை. ஆனால் ஆழச் சரிவில் அதைவிடப் பெரிய வேலையை நீரின் அழுத்தம் செய்கிறது. மண் இயந்திரவியலுக்கு அடிபோட்ட கார்ல் டெர்சாகி 1920-களிலேயே இதைத் தெளிவாக்கினார். மண்ணின் எடை கீழே அழுத்துவதால்தான் வழுக்குத்தளத்தில் உராய்வு பிறக்கிறது. மண் துளைகளில் நிறைந்த நீர் அந்த எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். தாங்கிய பங்குக்கு உராய்வு கிடையாது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 30 மீட்டர் கனமுள்ள மண், கன மீட்டருக்கு 2 டன் என்றால், வழுக்குத்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 60 டன் அழுத்தும். தளம் 6 பாகை சாய்ந்திருந்தால் அதில் 6.2 டன் சரிவின் போக்கில் இழுக்கும். பெண்டோனைட் ஏட்டின் உராய்வுக் கோணம் 8 பாகை என்று வைத்துக்கொண்டால், காய்ந்த நிலையில் தடுக்கும் விசை 8.3 டன். மலை நிற்கும். நிலத்தடி நீர் வழுக்குத்தளத்துக்கு மேல் 15 மீட்டர் ஏறட்டும். சதுர மீட்டருக்கு 15 டன் எடையை அது தாங்கிக்கொள்ளும். தடுக்கும் விசை 6.2 டன்னாகக் குறைந்துவிடும். இழுப்பும் தடுப்பும் சமம். இனி ஒரு நல்ல மழை போதும். 6 பாகை என்பது சக்கர நாற்காலிக்கு அமைக்கும் சாய்தளத்தைவிடச் சற்றே அதிகமான சாய்வு. கண்ணுக்குச் சமதரைபோலத் தெரியும் நிலமும் சரியும் என்பது இந்தக் கணக்கிலிருந்து புரிகிறது.

நீர் ஆழத்துக்குப் போய்ச் சேர நாளாகும். தெற்குக் கலிபோர்னியாவின் லகுனா பீச் நகரத்தில் ப்ளூபேர்ட் கேன்யன் என்ற பகுதி இருக்கிறது. அங்கே 1978 அக்டோபரில் ஒரு சரிவு 20-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. அதை அடுத்த நிலம் 2005 ஜூன் 1 அன்று சரிந்தது. மீண்டும் பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அந்தக் குளிர்காலத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாக மழை பெய்திருந்தது உண்மை. ஆனால் சரிவு நடந்தபோது பெருமழை நின்று மாதங்கள் ஆகியிருந்தன. வானம் தெளிந்துவிட்டதே என்று குன்றின்மேல் வாழ்கிறவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஆகவே குன்றின்மேல் அஸ்திவாரத்தைச் சரிசெய்ய வருகிறவர் முதலில் கூரைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கூரை ஓரக் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, நீச்சல்குளம் கசிகிறதா, மேட்டு வீட்டுக்காரர் புல்தரைக்கு நாள் முழுக்க நீர் விடுகிறாரா? வீட்டுக்கு மேட்டுப்பக்கம் ஆழமான வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாயை வைத்து ஜல்லியால் மூடி, வரும் நீரை வழிமறித்து ஓடையில் விடுவது பைல் வேலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பச் செலவு. பல வீடுகளுக்கு அதுவே பாதி மருந்து. போர்ச்சுகீஸ் பெண்டில் அந்தக் காலத்து வீடுகள் செப்டிக் டேங்க் வைத்திருந்தன. ஒவ்வொரு குடும்பமும் குளித்த நீர், கழுவிய நீர் எல்லாம் தினமும் தன் வீட்டுக்கு அடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆழச் சரிவின் நீர் ஒரு மனைக்கட்டோடு நிற்பதில்லை. என் வீட்டு நீர் உன் வீட்டை நகர்த்தும். பக்கத்திலுள்ள அபலோன் கோவ் பகுதி 1970-களில் அசையத் தொடங்கியதும், வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் ஒரு நிலச்சரிவுத் தணிப்பு மாவட்டத்தை அமைத்தார்கள். 1979-ல் வந்த மாநிலச் சட்டம் அதற்கு வழிவகுத்துக் கொடுத்திருந்தது. தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொண்டு, ஆழ்கிணறுகள் தோண்டி, பம்பு வைத்து நிலத்தடி நீரை இறைத்துக் கடலுக்கு அனுப்பினார்கள். நிலவெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்காதபடி அவற்றை மண்ணிட்டு அடைத்தார்கள். மலை அடியோடு நின்றுவிடவில்லை, ஆனால் வேகம் வெகுவாகக் குறைந்தது. குடியிருப்பு மேலும் நாற்பது வருடம் நிலைத்தது. அஸ்திவாரத்துக்கு இதைவிடப் பெரிய மராமத்தை நான் அறியேன். அதில் ஒரு மூட்டை சிமெண்ட்கூட வீட்டுக்கடியில் போகவில்லை.

ஜாக்கி வீடுகள் இந்த மெதுவான நகர்வை நம்பித்தான் எழுந்தன. அவை மரச்சட்ட வீடுகள், எடை குறைவு, கொஞ்சம் வளையும். கனத்த இரும்பு உத்திரம் முழு வீட்டையும் ஒரு தட்டில் ஏந்துவதுபோல ஏந்தும். தட்டு சாயலாம், ஆனால் முறுகக் கூடாது. முறுகினால்தான் சுவர் கிழியும். சென்னையில் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிப்போனவர்கள் நூற்றுக்கணக்கான ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்கள். செங்கல் சுவர் வளையாது என்பதால் அத்தனை ஜாக்கியையும் ஒரே அளவாக, ஒரே நேரத்தில் ஏற்றியாக வேண்டியிருக்கிறது. போர்ச்சுகீஸ் பெண்டின் மர வீட்டுக்கு நாலைந்து இடம் போதும். நிலத்தை நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டு, வீட்டை நிலத்திலிருந்து பிரித்துவிடுகிற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. அது தோல்வியைப்போலத் தெரியலாம். ஆனால் அந்த மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான பொறியியல் எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 2022–23, 2023–24 ஆகிய இரண்டு குளிர்காலங்களிலும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் சராசரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை கொட்டியது. 2024 ஆகஸ்டில் சில இடங்களில் நிலம் வாரத்துக்கு ஓரடி நகர்ந்தது. துளைபோட்டுப் பார்த்தபோது, அதுவரை அறிந்திருந்த வழுக்குத்தளத்துக்கும் கீழே, சுமார் 330 அடி ஆழத்தில் இன்னொரு தளம் நகர்ந்துகொண்டிருப்பது தெரியவந்தது. பழைய கிணறுகள் அவ்வளவு ஆழம் போகவில்லை. எரிவாயு நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் பல வீடுகளுக்கு மின்சாரமும் போனது. அறுந்த மின்கம்பி காய்ந்த மலையில் தீ மூட்டிவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். ஆழமான புதுக் கிணறுகளைத் தோண்டி நீரை இறைத்த பிறகு, மழையில்லாத மாதங்களும் சேர்ந்துகொள்ள, வேகம் தணிந்தது. வீட்டை விட்டுவிட விரும்புகிறவர்களிடமிருந்து வாங்கி, நிலத்தை வெறுமையாக வைத்திருக்கும் திட்டமும் வந்தது.

அந்த மலையில் 1951-லிருந்து ஒரு கண்ணாடித் தேவாலயம் இருந்தது. பெயர் வேஃபேரர்ஸ் சாப்பல். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் மகன் லாய்ட் ரைட் வடிவமைத்தது. ரெட்வுட் மரச் சட்டங்கள், நடுவே கண்ணாடி, சுற்றிலும் மரங்கள். 2023 டிசம்பரில் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே மாதத்தில், 2024 பிப்ரவரியில், கதவை மூட நேர்ந்தது. சட்டங்கள் முறுகின, கண்ணாடிகள் உடைந்தன. வேகமாக நகரும் அந்த மண்ணின்மேல் அதை எந்த ஜாக்கியும் எந்தப் பைலும் காக்க முடியாது என்று தெரிந்ததும், அந்தக் கோடையில் அதைக் கட்டிய வரிசைக்கு எதிர்வரிசையில் ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு கண்ணாடியாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். நகராத ஓர் இடம் கிடைத்ததும் மறுபடி கோப்பதற்காக.